சைக்கிள் சவிட்டி இளைத்த கதை

நோயில் கிடந்து எழுந்தவர்கள் எழுதியதை நான் நிறையப் படித்திருக்கிறேன். எல்லோருக்கும் ஆஸ்பத்திரியில் ஞானம் கிடைத்திருக்கிறது. ஜன்னல் வழியாக ஒரு மரத்தைப் பார்த்திருக்கிறார்கள், பகையாளியை மன்னித்திருக்கிறார்கள், வாழ்க்கைக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். என் வார்டு ஜன்னலுக்கு வெளியே ஏ.சி. பெட்டிகள்தான் வரிசையாகத் தொங்கின. நான் யாரையும் மன்னிக்கவில்லை. வலது நுரையீரலில் ஒரு பாகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதோடு என் மடத்தனத்திலும் கொஞ்சம் போயிற்று. மீதி அப்படியே இருக்கிறது.

இதை எழுத ஒரே காரணம்தான். என்னைப் போன்ற பெண்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் உண்டு. அவர்களை யாராவது சைக்கிள் டெஸ்டுக்கு அனுப்பினால் நான் செய்ததையே அவர்களும் செய்வார்கள், செய்துவிட்டுப் பெருமையாக வீட்டுக்கு வருவார்கள், பிறகு சாவார்கள்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. பெயர் ரெத்தினபாய். வீடு கேரள எல்லையில், குன்னத்துகால் பக்கம். சப் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரில் ஒரு அறையில் உட்கார்ந்து நிலத்துக்கு ஆதாரம், அதாவது பத்திரம், எழுதிக் கொடுப்பது தொழில். எழுதுவது மலையாளத்தில், வருகிறவர்களோடு சண்டை போடுவது தமிழில். அண்ணனும் தம்பியும் ஒரு தென்னை மரத்துக்காக ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவதை இருபத்தெட்டு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்கு மனிதர்கள்மேல் பெரிய மரியாதை மிஞ்சாது. என் கணவர் தாசன் ரப்பர் வெட்டுகிறவர். மனிதர்கள்மேல் மரியாதை அவருக்கு உண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து.

முதலில் அந்தப் படிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாசனின் வீடு மேட்டில் இருக்கிறது. ரோட்டில் இருந்து செம்பாறையில் வெட்டிய ஐம்பத்திரண்டு படிகள். கல்யாணம் முடிந்து பெண்ணை அழைத்து வரும்போது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மேலே வாசலில் நிற்பார்கள். பாலும் பழமும் கையில் இருக்கும், காது மட்டும் பெண்ணின் மூக்கில் இருக்கும். ஏறி வந்தவளுக்கு இளைப்பு உண்டா என்று பார்ப்பார்கள். இளைப்பு என்றால் எங்கள் பக்கத்தில் மூச்சிரைப்பு. நோயை மறைத்துப் பெண்ணைத் தள்ளிவிட்டார்களோ என்ற சந்தேகம் அவர்களுக்கு. மே மாத வெயிலில், பட்டுச் சேலையில், மூக்குத் துவாரம்கூட விரியாமல் நான் அத்தனை படியும் ஏறினேன். தாசனின் அக்கா எஸ்தர் என் முகத்துக்கு அருகில் வந்து நின்று காது கொடுத்துவிட்டு, பின்னால் நின்றவர்களிடம், "பெண்ணுக்கு இளைப்பு ஒண்ணும் இல்ல" என்றாள். அன்றைக்கு எனக்கு அது பெரிய வெற்றியாக இருந்தது.

அதன் பிறகு முப்பத்தொரு வருஷம் நான் யார் முன்னாலும் வாய் திறந்து மூச்சு வாங்கியதில்லை. படியேறும்போது நடுவில் நின்று, குரோட்டன்ஸ் செடியில் பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அந்தச் செடியை அவ்வளவு அக்கறையாகப் பார்த்தவள் உலகத்திலேயே இல்லை. இளைக்கிற பெண்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். பஸ்ஸுக்கு ஓடி வந்து ஏறி, மார்பில் கையை வைத்துக்கொண்டு 'ஹா ஹா' என்று நிற்கிறவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இருமல் வந்தபோது அதையும் அப்படியே ஒளித்தேன். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற புரை, ஒரு சின்னக் கொட்டகை, எங்கள் சமையலறையை ஒட்டி இருக்கிறது. புகையில் நின்றால் இருமத்தானே செய்யும் என்று எனக்கு நானே ஒரு காரணம் எழுதிப் பதிவும் செய்துகொண்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் தாசன் ரப்பர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஏட்டி, நீ தலவாணியில மொகத்த அமுக்கிட்டு இருமுறது எனக்குத் தெரியும். நான் ஒறங்குறதா நெனச்சியா? இண்ணைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம்."

பாறசாலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதைப் பார்த்த டாக்டர், வலது பக்கம் மேலே ஏதோ ஒன்று தெரிகிறது, திருவனந்தபுரம் போங்கள் என்றார். ஏதோ ஒன்று. நான் ஆதாரத்தில் 'ஏதோ ஒரு நிலம்' என்று எழுதினால் என்னைத் துரத்தி அடிப்பார்கள். அத்தனை படித்தவர், ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாகத் தெரிகிற ஒன்றுக்குப் பெயர் சொல்லப் பயந்துகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் தாசனின் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அந்த ஏதோ ஒன்றுக்குப் பெயர் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அதில் இரண்டே முக்கால் வாரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. டோக்கன் நம்பர் ஓடுகிற பெட்டியைப் பார்த்துக்கொண்டே நாற்பது பேர் இருப்பார்கள். நம்பர் மாறும்போது நாற்பது தலையும் நிமிரும், தன்னுடையது இல்லை என்றதும் தாழும். சுவரில் சிரித்த முகத்தோடு ஒரு டாக்டர் படம், 'நாங்கள் இருக்கிறோம்' என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. இருந்தார்கள், கதவுக்கு அந்தப் பக்கம். பில் கவுண்டரில் மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை, அங்கே நம்மைப் பேர் சொல்லியே கூப்பிடுவார்கள்.

முதலில் சி.டி. ஸ்கேன், அது உடம்பை மெல்லிய துண்டுகளாகப் படம் பிடிப்பது. பிறகு கையில் சர்க்கரை போன்ற ஒரு மருந்தை ஏற்றி ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வைத்து இன்னொரு ஸ்கேன். கெட்ட கட்டி நல்ல சதையைவிட ஆவலாகச் சர்க்கரை தின்னும், தின்கிற இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். பிறகு முதுகு வழியாக ஊசி விட்டு ஒரு துணுக்குச் சதை எடுத்தார்கள். வலிக்காது என்றார்கள். வலித்தது.

புற்றுநோய்தான். ஆனால் வேறு எங்கும் பரவவில்லை. சர்ஜன் இதையெல்லாம் தாசனிடம் சொன்னார். நுரையீரல் என்னுடையது, பேச்சு அவரிடம். வலது நுரையீரலுக்கு மூன்று பாகம் உண்டு, மேல் பாகத்தை எடுத்துவிட்டால் குணமாக நல்ல வாய்ப்பு, எடுக்காவிட்டால் கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம், அது அத்தனை நிச்சயம் இல்லை என்றார். தாசன் தலையாட்டிக்கொண்டே என் சேலை முந்தானையின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். பயந்த பிள்ளைகள் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். எனக்கும் பயம்தான். அதை முகத்தில் காட்டாமல் சர்ஜனின் பேனாவைப் பார்த்தேன், மூடி இல்லாத பேனா.

வீட்டுக்கு வந்தால் விருந்தாளிகள். ஆரஞ்சும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு, நான் எவ்வளவு மெலிந்துவிட்டேன் என்று கணக்கெடுக்க வந்தவர்கள். ஆரியங்கோட்டில் இருந்து ஒருவர் ஒரு சாக்கு நிறைய முள்ளாத்தச்சக்கை, அதாவது முள் சீத்தாப்பழம், கொண்டுவந்து போட்டார். அதைத் தின்றால் கட்டி கரைந்துவிடும் என்று அவருடைய போனில் வந்திருந்ததாம். பாதியை அணில் தின்றது. அணிலுக்குப் புற்றுநோய் வராது என்று நம்புகிறேன். எஸ்தர் அக்கா தினமும் வந்து கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து, அசையாதே, எழும்பாதே, தண்ணீர்கூட நான் எடுத்துத் தருகிறேன் என்றாள். எங்கள் ஊரில் நோயாளி என்றால் கிடக்க வேண்டும். கிடக்காதவளுக்கு நோய் இருப்பதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பத்து நாள் அப்படிக் கிடந்தேன், ஆட்டுக்கால் சூப்பு குடித்துக்கொண்டு.

ஆபரேஷனுக்கு முன்னால் மூச்சுப் பரிசோதனை. ஒரு குழாயை வாயில் வைத்து முழு பலத்தோடு ஊத வேண்டும். நான் பெண்பிள்ளை ஊதுகிற மாதிரி, சத்தம் வராமல், ஒரு மெழுகுவர்த்தியை அணைப்பதுபோல் ஊதினேன். முடிவு மோசமாக வந்தது. இந்த நுரையீரலில் இருந்து ஒரு பாகத்தை எடுத்தால் மிச்சம் தாங்குமா என்று சர்ஜனுக்குச் சந்தேகம். அதனால் சைக்கிள் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்.

சைக்கிள் டெஸ்ட் என்றால் இதுதான். நகராத ஒரு சைக்கிளில் ஏற்றி உட்கார வைப்பார்கள். நெஞ்சில் பத்துப் பன்னிரண்டு ஒயர், கையில் பிரஷர் பட்டை, விரலில் ஒரு கிளிப். மூக்கையும் வாயையும் இறுக்கி மூடுகிற ரப்பர் முகமூடி, அதில் இருந்து ஒரு குழாய் கம்ப்யூட்டருக்குப் போகும். முதல் மூன்று நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். அடுத்த மூன்று நிமிஷம் பாரமில்லாமல் சவிட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் சைக்கிளை மிதிப்பதில்லை, சவிட்டுவோம். அதன் பிறகு நிமிஷத்துக்கு நிமிஷம் பெடலில் பாரம் ஏறும், மேட்டில் ஏறுவதுபோல் இறுகும். வேகம் குறையாமல் இனி முடியாது என்கிற வரைக்கும் சவிட்ட வேண்டும். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போன ஆக்சிஜன் எவ்வளவு, உடம்பு அதில் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டே போகும். கடைசியில், உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிஷத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் எடுக்க முடிகிறது என்று ஒரு எண் வரும். இருபதுக்கு மேலே இருந்தால் சர்ஜனுக்குக் கவலை இல்லை. பத்துக்குக் கீழே என்றால் கத்தியைத் தொட மாட்டார். என் உயிர் அந்த இரண்டுக்கும் இடையில் எங்கேயோ இருந்தது.

டெஸ்ட் எடுக்கிற பெண்ணின் பெயர் அஞ்சு. முப்பது வயது இருக்கும், பனச்சமூட்டுக்காரி, வாயில் எப்போதும் சூயிங்கம். அவள் எனக்குச் சுடிதார் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள். என் வாழ்க்கையில் முதல்முறை சைக்கிளில் ஏறினேன். எங்கள் காலத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் கிடையாது, எங்கள் ஊர் மேடு பள்ளத்தில் ஆண்பிள்ளைகளே தள்ளிக்கொண்டுதான் போவார்கள்.

சவிட்டினேன். மூன்றாவது பாரத்தில் மூச்சு தொண்டைக்கு வந்தது. முகமூடிக்குள் என் மூச்சின் சத்தம் எனக்கே கேட்டது, துருத்தி மாதிரி. அந்த அறையில் அஞ்சு இருந்தாள், ஒரு டாக்டர் பையன் இருந்தான், சுவர் ஓரமாக அடுத்த முறைக்கு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். மூன்று பேருக்கும் கேட்கும். இளைப்பு வெளியே வருவதற்குள் கையைத் தூக்கி, போதும் என்று காட்டினேன். முகமூடியைக் கழற்றியபோது வாயை மூடி, மூக்கால், மெதுவாக மூச்சு விட்டேன். கிழவர் என்னை மரியாதையோடு பார்த்தார். பாஸாகிவிட்டேன் என்று நினைத்தேன். இளைக்காமல் இறங்கினவளுக்கு வேறு என்ன மார்க் போடுவார்கள்?

எட்டு புள்ளி ஆறு.

ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். ஒட்டின கவரைப் பிரிக்காமல் கொண்டுபோகிற வழக்கம் என் தொழிலில் இல்லை. காரிடாரிலேயே பிரித்துப் படித்தேன். எட்டு புள்ளி ஆறுக்குக் கீழே ஒரு வரி: நோயாளியின் முயற்சி போதாது. முப்பத்தொரு வருஷத்தில் என்னைப் பற்றி எழுத்தில் யாரும் அப்படி எழுதியதில்லை. காகிதத்தோடு நேராக அந்த அறைக்குத் திரும்பிப் போய், யார் எழுதியது என்று கேட்டேன்.

"நான்தான் எழுதினேன் சேச்சி. நீங்க சவிட்டவே இல்ல," என்றாள் அஞ்சு.

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். உடம்பு முழு பலத்தையும் கொடுக்கும்போது, உள்ளே எடுக்கிற ஆக்சிஜனைவிட வெளியே விடுகிற கரியமில வாயு அதிகமாகிவிடும். இரண்டையும் வகுத்தால் ஒன்றைத் தாண்டும். எனக்கு ஒன்றைத் தொடவே இல்லை. இதயமும் பாதி வேகத்தில்தான் ஓடியிருந்தது. இளைக்காமல் இருக்கத்தானே வேண்டும் என்று கேட்டேன். சூயிங்கத்தை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இளைக்கணும் சேச்சி. நாய் மாதிரி இளைக்கணும். இங்க ஆளுக சாவாம இருக்கதுக்காக்கும் வாறது. நல்ல பேரு எடுக்கதுக்கு இல்ல."

அவள் கன்னத்தில் ஒன்று கொடுக்கலாமா என்று இருந்தது. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் விஷயம் உறைத்தது. பிழைப்பதா, மூன்று அந்நியர்களுக்கு முன்னால் மானமாக இருப்பதா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் யோசிக்காமல் மானத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரு தென்னைக்காகச் சாகிற அண்ணன் தம்பிகளை இத்தனை வருஷம் கேலி செய்தவள். அவர்களுக்காவது தேங்காய் கிடைக்கும்.

சர்ஜன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வழக்கம்போல் தாசனிடம் பேச ஆரம்பித்தார். இந்த எண்ணை வைத்துக்கொண்டு தன்னால் ஆபரேஷன் செய்ய முடியாது என்றார். நோயாளி நான், என்னிடம் பேசுங்கள் என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார், அப்போதுதான் நாற்காலியில் ஆள் இருப்பது தெரிந்ததுபோல. முயற்சி போதாது என்று எழுதியிருக்கிறது, முயற்சி செய்தால் எவ்வளவு வரும் என்று கேட்டேன். அது தெரியாது என்றார். மூன்று வாரம் தருகிறேன், வீட்டில் சைக்கிள் பயிற்சி செய்து வாருங்கள், மறுபடியும் பார்ப்போம், அப்போதும் பத்துக்குக் கீழே என்றால் கதிர்வீச்சுதான், இதற்குமேல் தள்ளிப்போட்டால் கட்டி காத்திருக்காது என்றார். இவ்வளவும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், அந்த மட்டில் அவருக்கு ஒரு மார்க்.

பயிற்சியை அஞ்சுதான் எழுதிக் கொடுத்தாள். அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். ஒரு நிமிஷம் வேகமாக, இரண்டு நிமிஷம் மெதுவாக, மாற்றி மாற்றி. வேகமான நிமிஷத்தில் ஒரு முழு வாக்கியம் பேச முடியக் கூடாது. அப்படி ஒரு நிலைமையில் நான் பிறந்ததில் இருந்து இருந்ததில்லை. முதல் நிமிஷம்தான் கொடுமையாக இருக்கும் என்று எச்சரித்தாள். கால் சவிட்ட ஆரம்பித்த நொடியிலேயே ஆக்சிஜன் கேட்கும், ஆனால் இதயமும் நுரையீரலும் அதைக் கொண்டுவந்து சேர்க்க நேரம் எடுக்கும். மோட்டார் போட்டதும் மேட்டு வீட்டுக் குழாயில் தண்ணீர் வராதே, கொஞ்சம் காற்று, கொஞ்சம் இருமல், அப்புறம்தான் தண்ணீர். அதே கதை. பழகின உடம்பில் சீக்கிரம் வந்து சேரும். என்னைப் போல் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றை வளர்த்த உடம்பில் இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே இந்த எண்ணுக்கு வேறு மரியாதை உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நகரத்தில் இருந்து இருபது பேர், உடம்பில் பெயின்ட் அடித்த மாதிரி உடை போட்டுக்கொண்டு, லட்ச ரூபாய்ச் சைக்கிளில் மாநில எல்லையில் இருக்கிற பனச்சமூடு வரை வருவார்கள். டீக்கடை முன்னால் நின்று கைக்கடிகாரத்தை ஒருவருக்கொருவர் காட்டுவார்கள். எனக்கு நாற்பத்தெட்டு, உனக்கு எத்தனை என்று. எனக்கு எட்டரை. இரண்டும் ஒரே எண்தான், ஆக்சிஜன் எண்தான். நான் பத்தை எட்ட நாக்குத் தள்ளுகிறேன், இவர்கள் ஐம்பதுக்காக இரண்டு மாநிலத்திலும் டீ குடிக்கிறார்கள்.

தாசனிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. பனச்சமூட்டில் ஒரு வெல்டிங் கடையில் கம்பியில் ஒரு தாங்கி செய்து, பின் சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி நிறுத்தினார். பாரம் வேண்டும் என்றால் பிரேக் கட்டையை ஒரு திருகு இறுக்குவார். எங்கே வைப்பது என்பதுதான் சண்டை. முற்றத்தில் வைத்தால் ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பார்கள். கடைசியில் ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டில் வைத்தோம், ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில். மூன்று பக்கம் சாக்கு கட்டினார்.

முதல் நாள் வேகமான முதல் நிமிஷத்திலேயே நிறுத்திவிட்டேன். மழைக்காலம், ஊர் அமைதியாக இருந்தது, என் இளைப்பு பக்கத்து வீடு வரைக்கும் போகும். என்னால் முடியவில்லை என்றேன். முடியாதது எது என்று தாசனுக்குத் தெரியும், அந்தப் படிகளில் என் பின்னால் ஏறி வந்தவர் அவர்தானே. எழுந்து போய் ரோலரின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். எண்ணெய் போடாத ரோலர். பன்றியை அறுப்பதுபோல் கத்தும். ஷீட் எதுவும் இல்லை, மழையில் வெட்டே இல்லை. வெறும் ரோலரைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சவிட்டு என்று.

மூன்று வாரம் அப்படித்தான். நான் சைக்கிளில் இளைப்பேன், அவர் பக்கத்தில் வெறும் இரும்பைச் சுற்றுவார். இருவருக்கும் ஒரே மாதிரி வியர்க்கும். இந்த மழையில் தாசன் எங்கே இருந்து பால் எடுத்து ஷீட் அடிக்கிறான் என்று ஊர் பேசியது. யாருடைய தோட்டத்திலோ திருட்டு வெட்டு வெட்டுகிறான் என்றுகூட ஒருவன் சொன்னானாம். அவரை அப்படிச் சொல்ல வைத்தேனே என்று எனக்கு நெஞ்சு வலித்தது, புற்றுநோய் வலி அல்ல. கேட்டதற்கு, சொல்றவன் சொல்லட்டும் என்றார். முப்பத்தொரு வருஷத்தில் ஊரைப் பற்றி அவர் சொன்ன கடுமையான வார்த்தை அதுதான்.

மூன்றாவது வாரத்தில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. முதல் நிமிஷம் அத்தனை கொடுமையாக இல்லை. மூச்சு முன்னைவிடச் சீக்கிரம் வந்து சேர்ந்தது. வந்ததும் நெஞ்சுக்குள் ஒரு இடம் திறந்ததுபோல் இருந்தது. சந்தோஷமாக இருந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. கட்டியோடு இருக்கிறவளுக்குச் சந்தோஷம்.

இரண்டாவது டெஸ்ட் அன்றைக்கு அதே அறை, அதே அஞ்சு. சுவர் ஓரத்தில் இந்த முறை இரண்டு பேர். தாசனை வெளியே உட்காரச் சொன்னார்கள். ரோலர் இல்லாமல் ஏறி உட்கார்ந்தேன்.

மூன்றாவது பாரம் கடந்தது. நான்காவது. ஐந்தாவதில் சத்தம் வந்துவிட்டது, நான் விடவில்லை, அதுவாக வந்தது. ஹஹ், ஹஹ் என்று ஒரு மிருகம் முகமூடிக்குள் இருந்தது. சுவர் ஓரத்து ஆள் ஒருவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்புதல் எனக்குத் தெரியும், அது என்னுடையது. ஆறாவது பாரத்தில் தொடை எரிந்தது, எச்சில் தாடை வழியாக வழிந்தது, தொண்டையில் இருந்து அழுகை போல ஒன்று கிளம்பியது. கை தானாகவே மேலே போக ஆரம்பித்தது. போதும் என்று காட்ட.

கதவு திறந்தது. சத்தம் கேட்டு, எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தாசன் உள்ளே வந்துவிட்டார். அஞ்சு வெளியே போகச் சொல்லிக் கத்தினாள். அவர் போகவில்லை. என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவருக்கு அதில் ஒன்றும் புரியாது. உயர்ந்த என் கையைப் பார்த்தார். யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். எனக்குத் தலைவலி என்றாலும் இரு, போதும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியே வாழ்ந்தவர்.

"நிறுத்தாத," என்றார். "சவிட்டு ஏட்டி. நிறுத்தாத."

கையைக் கீழே இறக்கிக் கைப்பிடியைப் பிடித்தேன். அவரையே பார்த்துக்கொண்டு சவிட்டினேன். நான் போட்ட சத்தத்தை இங்கே எழுத எழுத்து இல்லை. அவர் கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷமும் கொஞ்சமும் போனது. பிறகு கால் நின்றுவிட்டது. இந்த முறை நான் நிறுத்தவில்லை, அது நின்றது.

பதினான்கு புள்ளி இரண்டு. கரியமில வாயுக் கணக்கு ஒன்றை நன்றாகத் தாண்டியிருந்தது. அதில் மூன்று வாரப் பயிற்சி கொடுத்தது கொஞ்சம்தான், மீதி முன்பே எனக்குள் இருந்ததுதான் என்று அஞ்சு சொன்னாள். அதாவது, முதல் நாளே ஒழுங்காக இளைத்திருந்தால் மூன்று வாரம் மிச்சம். சர்ஜன், பெரிய எண் இல்லை, ஆனால் ஒரு பாகம் எடுப்பதற்குப் போதும் என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை எடுத்தார்.

சம்மதப் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது நான்கு பக்கமும் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். மோசமான எழுத்து. எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்று எல்லை சொல்லாமல், தேவையானால் தேவையானதைச் செய்யலாம் என்று ஒரு வரி. வலது மேல் பாகம் மட்டும் என்று என் கையால் ஓரத்தில் எழுதினேன். நர்ஸ் பெருமூச்சு விட்டாள். தியேட்டருக்குக் கொண்டுபோகும்போது தாசன் ஸ்ட்ரெச்சரோடு நடந்து வந்தார். கதவருகில் என் கால் பெருவிரலைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு விட்டார்.

விழித்தபோது விலாவில் இருந்து ஒரு குழாய் கீழே ஒரு பெட்டிக்குப் போயிருந்தது. உள்ளே தேங்கும் காற்றையும் நீரையும் வெளியேற்ற. அந்த வலியைப் பற்றி எழுதப் போவதில்லை, பிரசவத்தை அனுபவித்தவர்கள் ஏளனம் செய்வார்கள். எடுத்த பாகத்தைப் பரிசோதித்ததில் ஓரங்கள் சுத்தமாக இருந்தன, நிணநீர்க் கட்டிகளுக்குப் போகவில்லை. இனி ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். அதற்குமேல் யாரும் உறுதி தருவதில்லை.

மூன்றாம் நாள் வார்டில் நடக்க வைத்தார்கள். குழாய்ப் பெட்டியைத் தாசன் தூக்கிக்கொண்டார். இருபது அடி நடந்து திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். வாயை நன்றாகத் திறந்து இளைத்தேன். அப்படித்தான் இளைக்க வேண்டும், அடைபட்ட நுரையீரல் விரிய வேண்டும் என்று பிசியோதெரபி பெண் சொல்லியிருந்தாள். எஸ்தர் அக்கா அன்றைக்குத்தான் என்னைப் பார்க்க வந்திருந்தாள். சுற்றிலும் எட்டுக் கட்டில், எட்டுக் கட்டிலுக்கும் துணைக்கு வந்த ஆட்கள். அவள் என் முகத்துக்கு அருகில் குனிந்தாள்.

"ரெத்தினம், வாயப் பொத்திக்க மக்களே. ஆளுக பாக்குது," என்று மெதுவாகச் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மக்களே என்பது எங்கள் பக்கத்தில் பாசமாகக் கூப்பிடுவது. அவளும் யாரோ ஒருத்தியின் படிகளில் ஏறி வந்தவள்தான்.

தாசன் பெட்டியைத் தரையில் வைத்தார். நான் பேசப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, எப்போதும் கையைக் காட்டித் தடுக்கிறவர் அன்றைக்குத் தடுக்கவில்லை.

"பாக்கட்டும் அக்கா," என்றேன். "எனக்கு இளைப்பு உண்டு. ஊருக்குப் போய் எல்லார்ட்டயும் சொல்லு."

இத்தனை சின்னப் பேச்சைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை இளைத்தது. மூன்றும் வார்டு முழுவதும் கேட்டது.